பனி நாளில் டாக்ஸி ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் நாடுகளில் டாக்ஸி ஓட்டுபவர்கள், வீட்டில் அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள், அவர்கள் வண்டியில் ஏறுபவர்கள் என்று மூன்று தரப்பும் ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிற கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமானவை, சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: ஓட்டலாமா, கூடாதா?

பனி பெய்திருக்கிறது, வண்டியில் குளிர்கால டயர் இருக்கிறது, சாலையில் கிடந்த பனியை வழித்து, மீதி உருக உப்பு போட்டிருக்கிறார்கள் என்றால் தாராளமாக ஓட்டலாம். சாலை முழுக்கப் பனிக்கட்டி, அல்லது மழை விழுந்த இடத்திலேயே உறைகிறது என்றால் ஓட்டக் கூடாது. எவ்வளவு பெரிய சவாரியாக இருந்தாலும் சரி.

சிக்கல் இடைப்பட்ட நாட்களில்தான், குளிர்காலத்தில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. மதியம் ஈரமாக இருந்த சாலை மாலையில் உறைந்துவிடும். பெரிய சாலை சுத்தமாக இருக்கும், அதிலிருந்து பிரிகிற தெரு படுமோசமாக இருக்கும். ஆகவே "இன்று ஓட்டலாமா" என்று காலையில் ஒரு தடவை கேட்டு முடித்துவிட முடியாது. எந்த நேரத்தில், எந்தப் பகுதிக்கு, எந்தச் சவாரிக்கு என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. முடிவு ஓட்டுநர் கையில் இருப்பதாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பல இடங்களில் முடிவெடுப்பது வண்டி வாடகை. அதைக் கீழே தனியாகப் பேசுவோம், இந்தப் பக்கத்தில் முக்கியமான விஷயம் என்று நான் நினைப்பது அதுதான்.

பனிக்கும் பனிக்கட்டிக்கும் அவ்வளவு வித்தியாசமா?

அவ்வளவு வித்தியாசம்தான். காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானத்தை உராய்வுக் கெழுவாகச் சொன்னால் ஏறக்குறைய 0.7. இறுகிய பனியில் அது 0.2, 0.3 என்ற அளவுக்கு இறங்கும். பனிக்கட்டியில் 0.1, சில சமயம் அதற்கும் கீழே.

இதை மீட்டரில் பார்த்தால்தான் உறைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் 14 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 40 மீட்டர் ஆகும். பனிக்கட்டியில் 100 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகிற அந்த ஒரு வினாடியில் ஓடும் 14 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. பிரிட்டனின் சாலை விதி நூலும் பனிக்கட்டியில் நிற்கும் தூரம் பத்து மடங்கு வரை போகலாம் என்றுதான் எச்சரிக்கிறது.

வேகத்தைக் குறைத்தால் போதாதா? ஓரளவுக்குப் போதும். தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், குறைத்தால் நன்றாகவே குறையும். பனிக்கட்டியில் 20 கிலோமீட்டரில் போனால் சுமார் 16 மீட்டரில் நின்றுவிடலாம். ஆனால் இதெல்லாம் சமதளக் கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிற சரிவில், உராய்வு 0.1 என்றால், வண்டி நிற்கவே நிற்காது. எவ்வளவு மெதுவாக இறங்க ஆரம்பித்தாலும் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மேட்டுத் தெருவில் இருக்கும் வீட்டு வாசலுக்கே வரச் சொல்லும் பயணியிடம் "கீழே முனையில் நிற்கிறேன்" என்று சொல்ல இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடுமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. மைனஸ் 15 டிகிரியில் கட்டிப்போன பனிக்கட்டியில்கூட டயருக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதன் மேல் டயருக்கு ஏறக்குறைய பிடியே கிடையாது. "இன்று அவ்வளவு குளிரில்லையே" என்று நம்பிக் கிளம்புகிற நாள்தான் கவனிக்க வேண்டிய நாள்.

உப்புக்குத்தான் கதை வேறு. சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் சாலையில் சரியாக வேலை செய்யாது. அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அல்லது மணல் தூவுவார்கள். ஆக, கடும் குளிரில் "உப்பு போட்டிருக்கிறார்கள்" என்பது முழு ஆறுதல் இல்லை.

கருப்புப் பனி என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அது கருப்பே இல்லை. நிறமில்லாத மெல்லிய பனிக்கட்டி. அடியில் இருக்கும் தார் தெரிவதால் வெறும் ஈரச் சாலையாகத் தோன்றும். முதலில் உறைவது பாலங்கள், ஏனென்றால் அவற்றுக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று. பிறகு வெயில் படாத வளைவுகள், மரநிழல், சுரங்கப்பாதையின் வாய், குழாய் கசிந்து நீர் ஓடிய இடம்.

அனுபவப்பட்டவர்கள் காதால் பிடிப்பார்கள். ஈரச் சாலையில் டயரிலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். சாலை ஈரமாகவே தெரிகிறது, சத்தம் மட்டும் சட்டென்று நின்றுவிட்டது என்றால் சக்கரத்துக்கு அடியில் இருப்பது தண்ணீர் இல்லை. ஸ்டியரிங்கும் கையில் லேசாகிவிடும். அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் போதும்.

டாக்ஸிக்காரர்களுக்கு இன்னொரு பொறி, சிக்னல். எல்லா வண்டியும் அதே இடத்தில் பிரேக் பிடித்து, அதே இடத்தில் சக்கரம் சுழன்று கிளம்புவதால் அங்கே பனி தேய்ந்து பளபளப்பாகிவிடும். ஜப்பானின் சப்போரோவில் இதைப் பெரிய அளவில் பார்த்தார்கள். பிடிமானத்துக்காக உலோக ஆணி பதித்த டயர் சாலையைச் சுரண்டிக் காற்றில் தூசி கிளப்பியதால் 1990இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. தூசி அடங்கியது. ஆனால் ஆணியில்லாத டயர்கள் மெருகேற்றிய சந்திப்புகள் முன்னைவிட மோசமாக வழுக்க ஆரம்பித்தன. எனவே சிக்னலுக்கு வரும்வரை சாலை நன்றாக இருக்கிறது என்பதை வைத்துச் சிக்னலை எடை போடாதீர்கள்.

குளிர்கால டயர் கட்டாயமா? நான்கு பருவ டயர் போதாதா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், டாக்ஸிக்கும் சேர்த்துத்தான். ஜெர்மனியில் தேதி கிடையாது. சாலையில் பனியோ உறைவோ இருந்தால் அதற்கேற்ற டயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பெயரில் ஒரு தண்டனைப் புள்ளியும். 2024 அக்டோபரிலிருந்து அங்கே மலையும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை உள்ள டயர்தான் செல்லும். நான்கு பருவ டயரிலும் அந்த முத்திரை இருந்தால் சட்டப்படி சரி. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச் சாலைக்குக் குளிர்கால டயர் வேண்டும், டயரின் மேல்பரப்பில் இருக்கும் பள்ளத்தின் ஆழமும் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நார்வேயிலும் சுவீடனிலும் அந்த எல்லை 3 மில்லிமீட்டர். பிரிட்டனில் குளிர்கால டயர் கட்டாயமே இல்லை. ஆண்டு முழுக்க 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் சட்டம் உங்களைக் கேள்வி கேட்காது.

அந்த 1.6 மில்லிமீட்டரை நம்பிப் பனியில் இறங்குவது முட்டாள்தனம் என்பது என் கருத்து. பனியில் பிடிமானம் தருவது பள்ளங்களும் அவற்றில் இருக்கும் நுண்ணிய வெட்டுகளும்தான். தேய்ந்த டயரில் இரண்டும் இருக்காது. அப்புறம் ரப்பர். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பித்துவிடும், பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. நாள் முழுக்க ஓடும் டாக்ஸியில் டயர் சீக்கிரம் தேயும் என்பதால், சொந்த காருக்குச் சரியாக இருக்கும் நான்கு பருவ டயர் டாக்ஸிக்கு இரண்டாவது குளிர்காலத்திலேயே ஏமாற்றலாம்.

காற்றையும் பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். இலையுதிர்காலத்தில் அடித்த காற்று ஜனவரியில் அப்படியே இருக்காது.

என் வண்டியில் நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது. பிறகென்ன?

நான்கு சக்கர இயக்கம் கிளம்ப உதவும், மேடேற உதவும். நிற்க உதவாது. ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இருந்தால் பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப முடியும், ஆனால் இல்லாத பிடிமானத்தை அது உருவாக்காது. தளர்ந்த பனியில் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். பின்சக்கரத்தில் ஓடும் பழைய டாக்ஸிகள் காலியாக இருக்கும்போது பின்பக்கம் எளிதில் வீசிவிடும்.

நான் பதினைந்து இருபது வருடமாக ஓட்டுகிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அனுபவம் கைகொடுக்கும், மறுக்கவில்லை. எங்கே உறையும், எந்தத் தெருவை எப்போது வழிப்பார்கள், எந்த மேட்டில் பேருந்து மாட்டி நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் பனி நாளில் உங்களுக்கு வரும் ஆபத்தில் பெரும் பங்கு சாலையில் போகும் மற்றவர்களிடமிருந்து. வருடத்தில் இரண்டு நாள் மட்டும் பனியில் ஓட்டுகிற, கோடை டயர் போட்ட ஒருவர் உங்கள் பின்னால் வந்து இடிப்பதை உங்கள் அனுபவம் தடுக்காது.

இன்னொன்று களைப்பு. பனியில் ஒரு மணி நேரம் ஓட்டுவது சாதாரண நாளில் ஓட்டுவதைவிடப் பலமடங்கு களைக்க வைக்கும். கண் சாலையிலேயே குத்திட்டு நிற்கும், தோள் இறுகும், ஹீட்டர் சூட்டில் தூக்கம் சொக்கும். வழக்கமான ஷிஃப்டை அப்படியே ஓட்டப் பார்க்காதீர்கள். கடைசி சில மணி நேரத்தை விட்டுக்கொடுங்கள், உறைவு கூடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

எல்லாம் சரி. ஓட்டாவிட்டால் வாடகையை யார் கட்டுவது?

இதுதான் உண்மையான கேள்வி. வண்டியை நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ எடுத்து ஓட்டுபவருக்கு, வண்டி நின்றாலும் வாடகை நிற்காது. காலையில் கண் திறக்கும்போதே அவர் கடனில் இருக்கிறார். முதல் சில மணி நேர ஓட்டம் அந்தக் கடனை அடைக்கத்தான். அப்படிப்பட்டவரிடம் "பாதுகாப்பாக இல்லை என்றால் ஓட்டாதீர்கள்" என்பது கேட்க நன்றாக இருக்கும், வீட்டுக்கு உதவாது. வண்டிக் கடன், இன்சூரன்ஸ், உரிமக் கட்டணம் எல்லாம் பனிக்கு விடுமுறை விடுவதில்லை. சொந்த வண்டிக்காரர் நிலைமையும் பெரிய அளவில் வேறில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மோசமான சாலையில் வண்டி ஓடுவதன் லாபத்தை வண்டி உரிமையாளரும் ஆப் நிறுவனமும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஓடாத நாளின் நஷ்டத்தையும் பங்கிட்டுக்கொள்வதுதானே முறை? வண்டியை ஓட்டுநரிடம் கொடுப்பதும் உரிமையாளர்தான், அதற்குக் கோடை டயர் மாட்டி மிச்சம் பிடித்ததும் பல நேரம் அவர்தான். பிறகு "உன் இஷ்டம், ஓட்டினால் ஓட்டு" என்பது சுதந்திரம் கொடுப்பது ஆகாது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. வாடகை ஒப்பந்தம் போடும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: குளிர்கால டயர் யார் செலவு, அரசு எச்சரிக்கையோ பயணத் தடையோ வந்த நாளுக்கு வாடகை உண்டா இல்லையா. கோடையில் கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், பனி விழுந்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். தனியாகக் கேட்பதைவிட ஒரே உரிமையாளரிடம் எடுக்கிற நாலைந்து பேர் சேர்ந்து கேட்பது பலன் தரும். எழுத்தில் வாங்குங்கள். குளிர்காலத்தில் ஓட முடியாமல் போகிற நாட்கள் இருக்கும் என்று ஆண்டு வரவு செலவுக் கணக்கிலேயே ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு. அது எல்லோருக்கும் முடிகிற காரியம் இல்லை, முடிந்தால் அந்த நாள் காலையில் முடிவு எடுப்பது மிகவும் சுலபமாகிவிடும்.

பனி நாளில் ஆப்பில் கட்டணம் இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது. அதை விடுவதா?

கட்டணம் ஏறுவதற்குக் காரணமே மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பதுதான். கட்டணம் மூன்று மடங்கு என்றால் மூன்று மடங்கு வருமானம் என்று அர்த்தமில்லை. ஒரு சவாரிக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்கு, பயணியைத் தேடிப் போவது இரண்டு மடங்கு, நடுவில் ரத்தாகும் சவாரிகள் வேறு. பின்பக்க பம்பர் ஒன்று போனால் அந்த வாரத்து லாபம் முழுக்க அதிலேயே கரைந்துவிடும், வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களைக் கணக்கில் சேர்க்காமலே.

பயணிகள் பக்கமும் இது பெரிய மனஸ்தாபம். பேரிடர் நேரத்தில் கட்டணம் கன்னாபின்னாவென்று ஏறுவதைப் பற்றிப் புகார் எழுந்து, 2014இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் ஊபர் நிறுவனமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவசரநிலை நாட்களில் கட்டண உயர்வுக்கு உச்சவரம்பு வைப்பது என்பது அதன் சாரம்.

கம்பெனி "வா" என்கிறது. மறுத்தால் வேலை போய்விடுமா?

நீங்கள் சட்டத்தின் கண்ணில் யார் என்பதைப் பொறுத்தது. உலகத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான பெரும் ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. பிரிட்டனின் 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தில் 44ஆவது பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது. முதலில் அது சம்பள ஊழியர்களுக்கு மட்டும் இருந்தது. 2021 மே 31 முதல் சம்பள ஊழியர் அல்லாத 'தொழிலாளர்' என்ற பரந்த வகையினருக்கும் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்கள்தான் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது.

ஆனால் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர் என்றால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. அவருக்கு வேலைக்குப் போகாமலிருக்க யார் அனுமதியும் தேவையில்லை, போகாததற்கு யாரும் ஈடு கொடுப்பதும் இல்லை.

எந்த நிலையில் இருந்தாலும் ஒன்று செய்யலாம். மறுக்கும்போது காரணத்தோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "இந்த நேரம், இந்தச் சாலை உறைந்திருக்கிறது, வண்டியில் கோடை டயர், ஆகவே ஓட்டவில்லை." சாலையின் படம் ஒன்று சேர்த்தால் இன்னும் நல்லது. ஃபோனில் வாய் வார்த்தையாகச் சொன்னதைப் பின்னால் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டாண்டில் நிற்கிறேன். வந்த பயணியை மறுக்கலாமா?

இது வேறு விஷயம். வீட்டில் இருப்பது உங்கள் உரிமை, ஆனால் ஸ்டாண்டில் வந்து நின்றுவிட்டால் பல நாடுகளில் ஏற்றிச் செல்லும் கடமை வந்துவிடும். இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே இன்றும் 1847ஆம் ஆண்டுச் சட்டம்தான்: நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால் குற்றம். ஜெர்மனியில் பயணியர் போக்குவரத்துச் சட்டத்தின் 22ஆவது பிரிவு ஏற்றிச் செல்வதைக் கடமையாக்குகிறது, கூடவே தன்னால் தவிர்க்க முடியாத சூழ்நிலை தடுத்தால் விலக்கும் தருகிறது. போகச் சொல்கிற தெரு உறைந்து கிடப்பது நியாயமான காரணம் என்று வாதாட இடமுண்டு. "இவ்வளவு சின்ன தூரத்துக்குப் பனியில் போவதா" என்பது காரணமாகாது.

நடுவழி ஒன்று உண்டு. மறுக்காமல், போகக்கூடிய தூரம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் சண்டைதான்.

அரசு பயணத் தடை போட்டால்?

போட்டால் பேச்சே இல்லை, வண்டியை நிறுத்துங்கள். 2016 ஜனவரி 23 பனிப்புயலின்போது நியூயார்க் நகரில் மதியம் 2:30க்குப் பிறகு அவசர வண்டிகள் தவிர எதுவும் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அப்படி ஓர் உத்தரவு வரும்போது ஓட்டுநருக்கு ஒரு நிம்மதியும் உண்டு: முடிவு அவர் தலையில் இல்லை.

ஆனால் தடை வரும்வரை காத்திருப்பதும் சரியல்ல. 2022 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பஃபலோ பகுதியில் வாகனத் தடை காலை 9:30க்குத்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். அந்தப் பனிப்புயலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இறந்தவர்களும் அவர்களில் உண்டு. தடை என்பது கடைசிக் கோடு. உங்கள் கோட்டை அதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினால்?

மனது கேட்காது, தெரியும். டயாலிசிஸ் நோயாளிக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் போகாவிட்டால் அங்கே ஆள் இல்லை. பனி நாளில் டாக்ஸி ஓடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை; ஓட்டக்கூடிய சாலை என்றால் மற்ற சவாரிகளை விட்டுவிட்டு இவற்றை எடுக்கலாம்.

உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் மட்டும் கவனம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பிரசவ வலி என்றால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். பனியில் டாக்ஸி நடுவழியில் நின்றுவிட்டால் வண்டிக்குள் சிகிச்சை கொடுக்க யாரும் இல்லை.

விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிடுமா?

பனியில் ஓட்டினீர்கள் என்பதற்காகவே பொதுவாகக் கைவிடாது. ஆனால் சட்டம் கேட்கும் டயர் இல்லை, பயணத் தடையை மீறினீர்கள், கண்ணாடியைச் சுத்தம் செய்யவில்லை என்றால் இழப்பீட்டைக் குறைக்க அவர்களுக்குப் பிடி கிடைத்துவிடும். உங்கள் பாலிசியில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்து வையுங்கள். வாடகைக்கு ஓட்டுபவர்கள் உரிமையாளரிடம் நகல் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

முன்கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை சுரண்டிவிட்டு, ஹீட்டர் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று கிளம்புகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். செய்யாதீர்கள். எல்லாக் கண்ணாடியும், பக்கக் கண்ணாடிகளும், விளக்குகளும், நம்பர் பிளேட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். கூரையில் இருக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள். உள்ளே சூடேறியதும் அது இளகி, முதல் சிக்னலில் பிரேக் பிடிக்கும்போது மொத்தமாக முன்கண்ணாடி மேல் சரியும், வைப்பராலும் அதைத் தள்ள முடியாது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பனியைக் கரைக்கப் போனால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

கண்ணாடி கழுவும் திரவம் உறையாத வகையாக இருக்கட்டும், பனி நாளில் அது சீக்கிரம் தீரும். உப்புச் சேறு ஒவ்வொரு லாரியிலிருந்தும் உங்கள் மேல்தான் தெறிக்கும். டீசல் வண்டி என்றால் குளிர்கால டீசல் போடுங்கள், சாதாரண டீசல் கடும் குளிரில் மெழுகுபோல் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். மண்வெட்டி, கொஞ்சம் மணல், போர்வை, டார்ச், ஃபோன் சார்ஜர், தண்ணீர் ஆகியவை டிக்கியில் இருக்க வேண்டும், பயணியின் பெட்டிக்கு இடம் போதவில்லை என்றாலும்.

மின்சார டாக்ஸிக்கு ஏதாவது தனிக் கவனம்?

குளிரில் தூரம் கணிசமாகக் குறையும், ஹீட்டர் போட்டால் இன்னும். சார்ஜரில் இருக்கும்போதே வண்டியைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தானாக இழுத்துப் பிடிக்கும் அந்த மின்பிரேக்கைப் பனிக்கட்டியில் குறைந்த அளவில் வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் பிரேக்கைத் தொடாமலே சக்கரம் வழுக்கும்.

பயணியை ஏற்றி இறக்குவதில் என்ன பெரிய விஷயம்?

இருக்கிறது. வண்டி பத்திரமாக வந்து நின்ற பிறகு, கதவைத் திறந்து வைத்த முதல் காலடியிலேயே வழுக்கி விழுகிற வயதானவர்கள் உண்டு. வழித்துப் போட்ட பனி சாலையோரத்தில் மேடாகக் குவிந்திருக்கும், நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் கதவு அந்த மேட்டில் போய் முட்டும். பத்து மீட்டர் தள்ளி, மணல் தூவிய இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். முடிந்தால் இறங்கிப் போய்க் கை கொடுங்கள். உங்கள் செருப்பும், சரி, ஷூவும் பிடிமானமுள்ளதாக இருக்க வேண்டும். நாள் முழுக்கப் பெட்டி தூக்கி இறக்குவது நீங்கள்தான்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்?

வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புயலில் நூறு மீட்டரிலேயே திசை தப்பிவிடும். உதவிக்கு அழைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். எஞ்சினை ஓடவிடுவதானால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மணிக்கு ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள். பனி தொடர்ந்து விழுந்தால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் குழாயை மறுபடி பாருங்கள். மின்சார வண்டிக்கு இந்தப் புகைப் பயம் இல்லை. ஹீட்டரைக் குறைத்து, இருக்கை சூடாக்கியை மட்டும் போட்டால் பேட்டரி நிறைய நேரம் தாங்கும்.

நான் பயணி. என் பங்குக்கு என்ன செய்யலாம்?

கிளம்ப வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வழக்கத்தைவிட நேரம் இரண்டு மடங்கு வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வழித்த பெரிய சாலைக்கு நீங்கள் நடந்து வந்து ஏறினால் ஓட்டுநருக்கு மிகப் பெரிய உதவி. ஷூவில் இருக்கும் பனியைத் தட்டிவிட்டு ஏறுங்கள், உள்ளே உருகினால் கண்ணாடியெல்லாம் ஆவி படியும். "கொஞ்சம் வேகமாகப் போங்களேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓட்டுநர் வர முடியாது என்று ரத்து செய்தால் ஒற்றை நட்சத்திரம் போடுவதற்கு முன் ஜன்னல் திரையை விலக்கி ஒரு தடவை தெருவைப் பாருங்கள்.